அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மருதனார்மடம் இல்லை

சில வாரங்களுக்கு முன் எனது வட்ஸ்அப்புக்குத் தமிழ்நாட்டு இலக்கமொன்றிலிருந்து ஒரு படம் வந்தது. ஓரங்கள் பழுப்பேறிய புத்தகமொன்றின் உட்பக்கம். இந்திய இராணுவத்திலிருந்து ஓய்வுபெறும் சிப்பாயின் கையில் கடைசியாகக் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம் அது. எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த ஆண்டு விலகினார், என்ன பதக்கம் பெற்றார், எங்கே காயப்பட்டார் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். படத்தைத் தொடர்ந்து ஒரு குரல்பதிவும் வந்தது.

"தம்பி, நீங்க மருதனார்மடம்னு உங்க கட்டுரையில பார்த்தேன். அந்த ஜங்ஷன் பக்கத்துல நாங்க ஏழு மாசம் இருந்தோம். கால்ல இன்னும் இரும்பு கெடக்கு. ஆனா என் புத்தகத்துல ஸ்ரீலங்கான்ற வார்த்தையே இல்ல."

அவருக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. தென் மாவட்டமொன்றில் பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார். 1988 இல் தனது சொந்தப் படைப்பிரிவிலிருந்து தற்காலிகமாக வேறொரு பிரிவுடன் இணைக்கப்பட்டு யாழ்ப்பாணம் வந்தவர். அந்த இணைப்பு ஏட்டில் ஏறவில்லை. ஏறாததால் 'இலங்கை' என்று பொறித்த பதக்கப் பட்டையும் அவருக்குக் கிடைக்கவில்லை. காலில் பட்ட காயம் 'பணியின்போது ஏற்பட்டது' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. எந்த மண்ணில், எந்த நடவடிக்கையில் என்ற விவரம் இல்லை. திருத்தக் கேட்டு எழுதியபோது ஆதாரம் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்ததாம். ஆகவே என்னிடம் இரண்டு விடயங்களைக் கேட்டார். அவர்கள் தங்கியிருந்த வீட்டின் படம் ஒன்று. அந்தப் பிரிவு அங்கே இருந்ததை நினைவு வைத்திருக்கும் ஊரவர் எவரிடமிருந்தாவது ஒரு கடிதம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அன்ரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அரிக்கன்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உவை இஞ்ச இருந்தவை எண்டதுக்கு நாங்களோ தம்பி சாட்சி சொல்லவேணும்?"

அந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. 1987 ஒக்டோபரில் அவருடைய கணவர் ஷெல்லடியில் இறந்தவர். இந்தக் கட்டுரை அந்த முன்னாள் சிப்பாயின் ஏட்டையும் அன்ரியின் கையிலுள்ள மரணச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சி.

ஏடு எப்படித் திருத்தப்படுகிறது

முதலில் சிப்பாயின் ஏட்டைப் பார்ப்போம். இராணுவத்தில் ஒருவருடைய வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும், அதாவது இடமாற்றம், இணைப்பு, விடுமுறை, காயம், திருமணம், பிள்ளை பிறப்பு எல்லாம், அவரது பிரிவு வெளியிடும் 'பார்ட் டூ ஓர்டர்' என்ற அன்றாட ஆணையில் பதியப்படவேண்டும். அது அந்தப் படைப்பிரிவின் ஆவணக் காரியாலயத்துக்குப் போய், சேவைப் பதிவேட்டில் ஏறவேண்டும். ஓய்வுபெறும்போது கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம் அந்தப் பதிவேட்டின் சுருக்கம். முதற்படியில் ஒரு வரி விடுபட்டால் கடைசிப் புத்தகம் வரை அது விடுபட்டே போகும். நின்ற இடத்தை நின்றவர் எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் அங்கே நிற்கவில்லை.

இது வெறும் பெருமைப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். வெளிநாட்டில் பணியாற்றும் படையினருக்கென்று இந்தியா 'விதேஷ் சேவா' என்ற பதக்கத்தை வைத்திருக்கிறது. எந்த நாட்டில் பணியாற்றினாரோ அந்த நாட்டின் பெயர் ஒரு பட்டையில் பொறிக்கப்பட்டு அதன் மேல் அமரும். ஆனால் பதக்கத்தைவிடப் பெரியது காயத்தின் வகைப்படுத்தல். இந்தியப் பாதுகாப்பு அமைச்சின் 2001 ஜனவரி 31 ஆம் திகதிய ஆணை, படையினரின் மரணங்களையும் அங்கவீனங்களையும் ஓய்வூதியத்துக்காக ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. நோயால் வந்தது ஒரு வகை. பணியிடத்து விபத்து இன்னொரு வகை. போரிலும், அரசு அறிவித்த படை நடவடிக்கைகளிலும் ஏற்பட்டது கடைசி வகை. காயம் ஒன்றேதான். அது எந்த வகைக்குள் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து மாதாமாதம் வீட்டுக்கு வரும் தொகை மாறுகிறது. இறந்தவரென்றால் விதவைக்கு வரும் ஓய்வூதியமும் மாறுகிறது.

திருத்துவதற்கு வழியும் இருக்கிறது. ஆவணக் காரியாலயத்துக்கு எழுதலாம். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியைக் கேட்கலாம். மறுத்தால் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. இந்தியப் பிரஜை என்ற முறையில் 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். இவை மெதுவானவை, அலைக்கழிப்பவை. ஆனாலும் ஒரு கதவு இருக்கிறது, தட்டினால் ஏதோ ஒரு பதில் வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

வரவேற்பில்லாமல் திரும்பிய படை

இப்படி விடுபட்டது ஓர் எழுதுவினைஞரின் கவனக்குறைவாக இருக்கலாம். ஆனால் இந்திய அமைதி காக்கும் படையைப் பொறுத்தவரை, அந்தக் கவனக்குறைவுக்கு மேலே ஒரு பெரிய மௌனமும் இருந்தது.

1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே படைகள் வரத் தொடங்கின. சனங்கள் மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பத்து வாரங்களுக்குள் எல்லாம் தலைகீழானது. ஒக்டோபர் இரண்டாம் வாரத்தில் 'ஒபரேஷன் பவன்' தொடங்கியது. பவன் என்றால் காற்று. ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டர்களில் இறக்கப்பட்ட சீக்கிய காலாட்படைப் பிரிவொன்றின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். நவம்பர் 25 இல் எங்கள் சந்தியிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள கந்தரோடைப் பகுதியில் மேஜர் இராமசுவாமி பரமேஸ்வரன் கொல்லப்பட்டார். இந்தியாவின் அதியுயர் போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா அவருக்கு மறைவின் பின் வழங்கப்பட்டது. இந்த நடவடிக்கைக்காக அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. பம்பாயில் பிறந்த தமிழர் ஒருவர், தமிழர் ஊரில், தமிழ் இளைஞர்களுடனான சண்டையில் இறந்தார். இந்தப் போரைப் பற்றிப் பேச இந்தியா ஏன் தயங்கியது என்பதை இந்த ஒரு வரியே ஓரளவு சொல்லிவிடும்.

1990 மார்ச் 24 இல் கடைசி அணி வெளியேறியது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இங்கே இறந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. இங்கே நடந்தவற்றைக் கேள்விப்பட்டிருந்த தமிழ்நாட்டில் பலருக்கு அது நியாயமான முடிவாகவே பட்டது. கப்பலிலிருந்து இறங்கிய சாதாரண சிப்பாய்க்கோ, தான் போனதே பிழை என்று சொல்வதுபோல் இருந்தது. அதற்குப் பின் டெல்லியும் அந்த மூன்று ஆண்டுகளைப் பெரிதாகப் பேசவில்லை.

அண்மைய ஆண்டுகளில் அந்த மௌனம் மெல்லக் கலைகிறது. 2019 பெப்ரவரியில் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் இங்கே இறந்தவர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கொழும்புக்கு அருகே, நாடாளுமன்றப் பக்கமாக ஒரு நினைவுத்தூபி உண்டு. பலாலியிலும் ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் 5 இல் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு நினைவுத்தூபியில் அஞ்சலி செலுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் இந்திய இராணுவத் தளபதி, டெல்லி நினைவுச்சின்னத்தில் ஒபரேஷன் பவனில் இறந்தவர்களுக்கு முதன்முறையாக உத்தியோகபூர்வமாக அஞ்சலி செலுத்தினார். முன்னாள் படையினர் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த விடயம் அது. எனக்குக் குரல்பதிவு அனுப்பியவரும் அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் தனது புத்தகத்தை மீண்டும் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்.

ஒரு நாடு தனது படையினரை நினைவுகூர்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எங்கள் கேள்வி வேறு. அந்த நினைவின் எல்லைக்குள் மருதனார்மடமும் கொக்குவிலும் வல்வெட்டித்துறையும் எப்போது வரும்?

எங்கள் பக்கத்து ஏடு

காங்கேசன்துறை வீதியும் மானிப்பாய்–கைதடி வீதியும் சந்திக்கும் இடம் மருதனார்மடம். வெளியூராருக்கு எங்கள் சந்தை தெரியும், உயர்ந்து நிற்கும் ஆஞ்சநேயர் தெரியும், இராமநாதன் நுண்கலைப் பீடம் தெரியும். 1987 இல் பலாலிப் பக்கமிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கிப் படைகள் நகர்ந்தபோது வலிகாமத்தின் ஒவ்வொரு சந்தியும் ஏதோவொரு விதத்தில் அந்த நகர்வுக்குள் அகப்பட்டது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. நான் அறிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதும், எழுதி வைத்ததும்.

எழுதி வைத்தவற்றில் சில இங்கே. ஒக்டோபர் 12 ஆம் திகதியளவில் பல்கலைக்கழகத்துக்கு அருகே, கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் 21 இல், தீபாவளி நாளில், யாழ். போதனா வைத்தியசாலைக்குள் படையினர் புகுந்து சுட்டதில் மூன்று வைத்தியர்களும் தாதியரும் உட்பட 21 பணியாளர்களும் நோயாளர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாட்களின் பின் அகதிகள் தங்கியிருந்த கொக்குவில் இந்துக் கல்லூரி மீது ஷெல் விழுந்தது. ஒக்டோபர் 27 இல் சாவகச்சேரிச் சந்தை தாக்கப்பட்டது. 1989 ஓகஸ்ட் 2 முதல் வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இவற்றையும், பெண்கள் மீது நடத்தப்பட்ட பாலியல் வன்முறைகளையும் அந்த நாட்களிலேயே பதிவு செய்த நூல் 'முறிந்த பனை'. அதை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பதிவு செய்வது எங்களூரில் எவ்வளவு விலை கொடுத்துச் செய்யப்பட்ட வேலை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது அன்ரியின் மரணச் சான்றிதழுக்கு வருவோம். அவர் அதைச் சேலைப் பெட்டியின் அடியில், பிளாஸ்ரிக் உறையொன்றில் வைத்திருக்கிறார். பெயர், வயது, இறந்த இடம், திகதி. மரணத்துக்கான காரணம் என்ற கூட்டில் 'வெடிகாயம்' என்றிருக்கிறது. திகதி ஒரு நாள் பிழை. இறந்த இடமாக வைத்தியசாலை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் வைத்தியசாலையைக் காணவேயில்லை. வீட்டு முற்றத்தில் இறந்து, ஊரடங்கு நேரத்தில், பின்வளவிலேயே எரிக்கப்பட்டவர். மாதங்கள் கழித்து ஓர் அலுவலகத்தில் யாரோ சொல்ல யாரோ நிரப்பிய படிவம் அது. "கேட்டு எழுதினவையோ? எழுதித்தான் தந்தவை" என்றார் அன்ரி.

மரணச் சான்றிதழில், யாருடைய ஷெல் என்பதை எழுத ஒரு கூடு இல்லை. உலகில் எங்கும் இருக்காது. அதைச் சொல்லவேண்டியது விசாரணை. சாதாரண காலத்தில் இயற்கைக்கு மாறான ஒவ்வொரு மரணத்துக்கும் திடீர் மரண விசாரணை நடக்கவேண்டும். வீதியில் இறங்கினால் சுடுபடும் அந்த நாட்களில் யார் வந்து விசாரிப்பது? விசாரணை நடக்காததால் படிவம் ஊமையாகிவிட்டது. அந்த ஊமைப் படிவத்தைக் கொண்டுதான் அவர் முப்பத்தெட்டு ஆண்டுகளாக உதவிப்பணத்துக்கும் காணி உறுதிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் அலைந்தார்.

இன்னும் ஒரு வகையினர் இருக்கிறார்கள். 1989 இல் இந்தியப் படையின் ஆதரவுடன் இயங்கிய தமிழ் இயக்கங்கள் இளைஞர்களை வீதிகளிலும் வீடுகளிலும் பிடித்து 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற ஒன்றில் சேர்த்தன. எங்களூரார் அதைப் 'பிள்ளை பிடி' என்றே சொல்வார்கள். அந்தப் பையன்களுக்குச் சேர்ந்த பதிவும் இல்லை, விலகிய பதிவும் இல்லை. இந்தியப் படை போனபின் அவர்களில் பலர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அவர்களது பெற்றோரிடம் திருத்துவதற்குக்கூட ஒரு தாள் இல்லை.

திகதிக்கு வெளியே விடப்பட்டவர்கள்

எங்கள் பக்கத்தில் எந்தக் கதவுமே இல்லையா என்று கேட்கலாம். கதவுகள் இருந்தன. அவை திறக்கும் திகதிதான் பிழைத்தது.

1994 இல் ஜனாதிபதி சந்திரிகா காலத்தில் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய மூன்று வலய ஆணைக்குழுக்களின் விசாரணைக் காலம் 1988 ஜனவரி 1 இலிருந்து தொடங்கியது. ஆகவே 1987 ஒக்டோபர் வெளியே. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2002 பெப்ரவரி 21 இலிருந்து பார்த்தது. இந்தியப் படையின் காலம் முழுவதும் வெளியே. 2013 இல் அமைந்த பரணகம ஆணைக்குழுவுக்கு முதலில் கொடுக்கப்பட்ட காலம் 1990 ஜூன் 10 முதல். கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறி இரண்டரை மாதங்கள் கழித்து. பின்னர் அது 1983 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது உண்மை. ஆனால் அதற்குள் சனங்கள் எந்தக் கடிதத்தை எங்கே கொடுப்பதென்று களைத்துவிட்டார்கள்.

மரணங்களைப் பதிவதற்கான 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம், காணாமற்போனதற்குக் காரணமாகப் பயங்கரவாத அல்லது நாசகாரச் செயல்களையும் உள்நாட்டுக் குழப்பங்களையும் குறிப்பிடுகிறது. வெளிநாட்டுப் படையொன்று அழைக்கப்பட்டு வந்து நடத்திய நடவடிக்கை இந்தச் சொற்களில் எதற்குள் அடங்கும்? 2016 இல் காணாமையைச் சான்றுப்படுத்தும் ஏற்பாடும், அதே ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் வந்தன. அந்த அலுவலகத்துக்குக் காலவரையறை இல்லை. ஆனால் அது கேட்கவேண்டிய பதில்கள் இன்னொரு நாட்டின் ஆவண அறைகளில் இருக்கின்றன.

பிற நாடுகளில் ஏட்டைத் திருத்தியவர்கள்

அழிந்த, விடுபட்ட ஏடுகளைத் திருத்துவது முடியாத காரியமில்லை. 1973 ஜூலை 12 இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள ஆவண மையத்தில் தீப்பிடித்து, ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினரின் கோப்புகள் எரிந்தன. அதற்குப் பிறகு சம்பளச் சீட்டுகள், பிரிவுகளின் அன்றாட அறிக்கைகள், வைத்தியசாலைப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவருடைய சேவையும் மீள எழுதப்பட்டது. கூட நின்ற தோழர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் நலன்புரிக் கோரிக்கைகளில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மூல ஏடு இல்லையென்றால் சேவையே இல்லை என்று அந்த அரசு சொல்லவில்லை.

அதே அரசு இன்னொரு இடத்தில் வேறு மாதிரி நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் போராடிய பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு வாக்களிக்கப்பட்டிருந்த சலுகைகளை 1946 ஆம் ஆண்டுச் சட்டமொன்று பறித்தது. 2009 இல் ஒருதடவைக் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டபோது அமெரிக்கப் பிரஜைக்கு 15,000 டொலர், மற்றவருக்கு 9,000 டொலர். அதைப் பெறவும், போருக்குப் பின் அமெரிக்க இராணுவம் தயாரித்த பெயர்ப்பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். காட்டுக்குள் கெரில்லாக்களாக நின்ற பலரின் பெயர் அதில் இல்லை.

பிரித்தானியாவின் கதையும் உண்டு. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், முதலாம் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்கப் படையினரும் கூலிகளுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு நூற்றாண்டு கழித்தும் ஏடு திறக்கப்படலாம் என்பது இதில் எங்களுக்குள்ள செய்தி. திறக்கும் விருப்பம் அரசுக்கு இருக்கவேண்டும். விருப்பம் வரும்வரை கேட்பவர்கள் ஓயக்கூடாது.

இரண்டு ஏடுகளுக்கும் ஒரே ஆதாரம்

இந்த இடத்தில்தான் அன்ரியின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உருவானது.

அந்த முன்னாள் சிப்பாய் மருதனார்மடத்தில் நின்றார் என்பதை நிரூபிக்கும் மிக வலுவான ஆதாரம் எது? எனது படமோ, ஊரவர் கடிதமோ இல்லை. அவர் இணைக்கப்பட்டிருந்த பிரிவின் போர் நாட்குறிப்பு. எந்தத் திகதியில் எந்தப் பிரிவு எங்கே நின்றது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எதை நோக்கிச் சுட்டது என்பது அதில் இருக்கவேண்டும். அன்ரியின் கணவர் இறந்த அந்த ஒக்டோபர் நாளில் எங்கள் ஒழுங்கையை நோக்கி ஷெல் வந்த திசையில் யார் நின்றார்கள் என்பதைச் சொல்லக்கூடியதும் அதே வகை நாட்குறிப்புத்தான். அவருடைய பதக்கத்துக்கான ஆதாரமும் அன்ரியின் கேள்விக்கான பதிலும் ஒரே அலுமாரியில் இருக்கின்றன.

2021 ஜூனில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு, போர் வரலாறுகளைத் தொகுப்பதற்கும் ஆவணங்களை வெளிப்படுத்துவதற்குமான ஒரு கொள்கையை அங்கீகரித்தது. போர் நாட்குறிப்புகள் உள்ளிட்ட ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டுகளில் இரகசிய நிலையிலிருந்து விடுவிக்கப்படவேண்டும் என்பது அதன் சாரம். 1990 மார்ச்சிலிருந்து கணக்கிட்டால் அந்த 25 ஆண்டுகள் 2015 இலேயே முடிந்துவிட்டன. ஒபரேஷன் பவனை உத்தியோகபூர்வமாக நினைவுகூரத் தொடங்கியிருக்கும் ஓர் அரசிடம், அதன் நாட்குறிப்புகளையும் திறவுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அது அவர்களுடைய சொந்த விதி.

கேட்பதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். இந்தியத் தகவல் சட்டம் இந்தியப் பிரஜைகளுக்கானது. நான் விண்ணப்பிக்க முடியாது. அன்ரி முடியாது. அந்த முன்னாள் சிப்பாய் முடியும். பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கப்படலாம். ஆனால் கேள்வி பதிவாகும், மறுப்புக்கு மேல்முறையீடும் இருக்கும். இந்தியாவில் இருக்கும் ஆய்வாளர்களும், சட்டத்தரணிகளும், எங்களுக்காக மேடையில் பேசும் அரசியல்வாதிகளும் இந்த எளிய விண்ணப்பத்தை எழுதலாம்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. மூல ஏடு கிடைக்கும்வரை துணை ஏடுகளைச் சேர்க்கவேண்டும். வைத்தியசாலைக் கட்டில் சீட்டுகள், தேவாலயங்களின் அடக்கப் பதிவுகள், பாடசாலை வரவு ஏடுகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள், வெளிநாட்டுக்குப் போன கடிதங்கள், கூட இருந்தவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம். எங்கள் ஊர்களில் இறந்தவரின் முப்பத்தொன்றுக்கு அச்சடிக்கும் கல்வெட்டில் பிறந்த நாளும் இறந்த நாளும் இறந்த விதமும் இருக்கும். அரசாங்கப் படிவத்தைவிட அது பலசமயம் துல்லியமானது. மரணப் பதிவிலுள்ள திகதிப் பிழை, இடப் பிழை போன்றவற்றைத் திருத்த விண்ணப்பிக்கும்போதும் இவைதான் துணை. 1987 ஐக் கண்ணால் கண்டவர்களில் இளையவருக்கே இப்போது ஐம்பதை நெருங்குகிறது. இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருந்தால் சாட்சி சொல்ல ஆட்கள் குறைந்துவிடுவார்கள்.

சிலர் சொல்வார்கள்: அவர்களுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுப்பது எங்கள் வேலையா? அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'அவர்கள் இங்கே நிற்கவில்லை' என்று ஓர் ஏடு சொல்வது எங்களுக்கு எந்த நன்மையையும் தராது. நிற்காத படை யாரையும் கொல்லவும் இல்லை என்று நாளை யாரும் சொல்லிவிட்டுப் போகலாம். அவர்கள் நின்றார்கள் என்று அவர்களுடைய ஏடே எழுதட்டும். திகதியுடன், இடப்பெயருடன், சரியான எழுத்துக்கூட்டலுடன் எழுதட்டும். எங்கள் கேள்விகள் அந்த வரியிலிருந்து தொடங்கும்.

நான் அனுப்பியது

அவர் கேட்ட வீடு இப்போதும் இருக்கிறது. உரிமையாளர்கள் வெளிநாட்டில். முன்மதிலில் வேப்பங்கன்று முளைத்து மரமாகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். அவர் உடனே அடையாளம் கண்டார். "கிணறு பின்னாடி இருக்கும் தம்பி, வலது கைப் பக்கம்" என்றார். இருந்தது.

கடிதம் எழுதுவது பற்றி அன்ரியுடன் மறுபடியும் பேசினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உள்ளதை எழுதலாம். அவை நிண்டது உள்ளதுதானே. ஆனா எழுதினா முழுக்க எழுதவேணும்" என்றார்.

ஆகவே கடிதத்தில் இரண்டு பந்திகள் இருக்கின்றன. முதலாவது, 1988 இல் அந்த வீட்டில் இந்தியப் படையினர் தங்கியிருந்ததை ஊரவர் சொல்கிறது. இரண்டாவது, அதற்கு முந்திய ஒக்டோபரில் அந்த ஒழுங்கையில் ஷெல்லடியில் இறந்த ஒருவரின் பெயர், சரியான திகதி, சரியான இடம். கீழே அன்ரியின் கையெழுத்து.

அனுப்புமுன் அந்த முன்னாள் சிப்பாயிடம் இரண்டாம் பந்தியை வாசித்துக் காட்டினேன். விருப்பமில்லையென்றால் இந்தக் கடிதத்தைப் பயன்படுத்தவேண்டாம், முதற்பந்தியை மட்டும் வெட்டி எடுக்கவும் கூடாது என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.

"அப்படியே அனுப்புங்க தம்பி," என்றார். "ரெண்டையும் சேர்த்தே ஃபைல்ல போட்டுடறேன்."